காற்று இல்லாத இடத்தில் காஸ்மிக் கதிர் டிடெக்டர்: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறு, ஒருவரை ஒருவர் அறியாத ஆறு பேர் சொல்லிவைத்துக்கொண்டு எழுதியதைப் போல ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் நுண்துகள்களான காஸ்மிக் கதிர்களை எண்ணி அளக்கும் கருவிதான் காஸ்மிக் கதிர் டிடெக்டர். தரையிலோ பலூனிலோ வேலை செய்யும் அப்படியொரு டிடெக்டரை விண்வெளிக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி என்பதே அந்தப் பொருள். ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இந்த ஆறுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பலூனில் பறந்துகொண்டிருந்த ஒரு காஸ்மிக் கதிர் டிடெக்டரைப் பின்னர் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தினார்கள் என்று படித்தேன். பலூன் போகும் 40 கி.மீ. உயரத்திலேயே காற்று ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. அப்படியிருக்க, அதற்கு மேல் போவதற்காகக் கருவியில் புதிதாக மாற்றுவதற்கு என்ன இருக்கிறது?
(கல்லூரி இயற்பியல் ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: நீங்கள் படித்தது 'கிரீம்' என்ற டிடெக்டரைப் பற்றியதாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் யுன்-சுக் சோ தலைமையில் உருவான இக்கருவி, 2004 டிசம்பரில் அன்டார்டிகாவின் மெக்மர்டோ தளத்தருகே முதன்முறையாகப் பலூனில் ஏறி 42 நாள் பறந்தது. 2010 டிசம்பர் வரை ஆறு முறை பறந்து மொத்தம் 161 நாள் காற்றில் இருந்தது. பிறகு விண்வெளிக்கு ஏற்றபடி திருத்தி அமைக்கப்பட்டு, 2017 ஆகஸ்ட் 14 அன்று ஃபால்கன்-9 ராக்கெட்டில் டிராகன் விண்கலத்தின் காற்றடைக்காத பின்பகுதியில் கிளம்பி, ஒரு வாரத்தில் விண்வெளி நிலையத்தில் ஜப்பானின் 'கிபோ' ஆய்வுக்கூடத்தின் வெளிமேடையில் இயந்திரக் கைகளால் பொருத்தப்பட்டது. 2019 பிப்ரவரி வரை அங்கிருந்து தரவு அனுப்பியது.

ஏன் போக வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். தரைமட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் தலைக்கு மேலும் ஏறத்தாழ ஒரு கிலோ காற்று நிற்கிறது. பலூன் உயரத்தில் அது 4 கிராம் அளவுக்குக் குறைகிறது. 4 கிராம் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் காஸ்மிக் கதிர்களில் போரான் அணுக்கரு எத்தனை, கார்பன் எத்தனை என்று எண்ணுகிறவருக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது. விண்மீன்களுக்கு இடையில் உடைந்து உருவான போரானோடு, நம் தலைக்கு மேலுள்ள காற்றில் சற்று முன் உடைந்த போரானும் கலந்துவிடுவதால், கணக்கில் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். பறக்கும் நாட்கள் போதாததும் ஒரு குறை. ஆற்றல் கூடக்கூடத் துகள்கள் வேகமாக அருகிவிடுவதால், அதிகக் காலம் காத்திருப்பதே ஒரே வழி.

இனி மாற்றங்கள். காற்றைவிட்டு ஓடத்தான் மேலே போகிறோம். ஆனால் அந்தக் காற்று நமக்குத் தெரியாமலேயே பல வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது போன பிறகுதான் புரிகிறது. முதல் வேலை, சூட்டை அப்புறப்படுத்துவது. மேசைக் கணினியின் உள்ளே ஒரு விசிறி சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். வெற்றிடத்தில் அது எத்தனை வேகமாகச் சுழன்றாலும் பயனில்லை. சூடு ஒன்று உலோகத்தின் வழியே கடந்து செல்ல வேண்டும், அல்லது கதிர்வீச்சாக வெளியேற வேண்டும். 27 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு சதுர மீட்டர் கறுப்புப் பரப்பு வெளியேற்றக்கூடியது சுமார் 460 வாட் மட்டுமே. அதுவும் எதிரே சூரியனோ பூமியோ இல்லாமல் இருந்தால். ஆகவே ஒவ்வொரு மின்சுற்றுப் பலகையிலும் சூடாகும் ஒவ்வொரு சில்லுக்கும், அதன் அடியிலிருந்து வெளிச்சுவர் வரை செம்பாலோ அலுமினியத்தாலோ ஒரு பாதை போட்டுக் கொடுக்க வேண்டும்.

பலூனிலும் இதே சிக்கல் உண்டுதானே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அன்டார்டிகாவின் டிசம்பர் மாதத்தில் சூரியன் மறைவதே இல்லை. பலூன் ஒரே உயரத்தில், ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் நாட்கணக்கில் மிதக்கிறது. விண்வெளி நிலையமோ சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால் நாளொன்றுக்கு 16 முறை விடிந்து 16 முறை இருட்டுகிறது. ஒவ்வொரு விடியலிலும் உலோகம் விரிகிறது, ஒவ்வோர் இருளிலும் சுருங்குகிறது. ஓர் ஆண்டில் இது ஐயாயிரம் முறைக்கு மேல் நடக்கும்போது, பற்றவைத்த இணைப்புகளில் பலவீனமானது எதுவோ அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நல்லவேளையாக, கிபோவின் வெளிமேடை அதில் அமரும் கருவிகளுக்கு மின்சாரத்தோடும் தரவு இணைப்போடும் குளிர்விக்கும் திரவத்தையும் தருகிறது. கிரீமுக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

காற்றின் இரண்டாவது வேலை, மின்காப்பு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிரீமில் துகளின் ஆற்றலை அளக்கும் பகுதியான கலோரிமீட்டரில் 20 டங்ஸ்டன் தகடுகள் அடுக்கப்பட்டு, அவற்றுக்கிடையே அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மினுக்கிழைகள் பரப்பப்பட்டுள்ளன. துகள் பாயும்போது இழையில் எழும் மங்கலான ஒளியை மின்துடிப்பாக மாற்றும் பகுதிக்குப் பல ஆயிரம் வோல்ட் தேவைப்படுகிறது. தரையில் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அந்த வோல்ட்டைக் காற்று தடுத்து நிறுத்திவிடும். பலூன் பறக்கும் உயரத்தின் மெல்லிய காற்றில் அதே இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்க 330 வோல்ட்டே போதும். காற்றழுத்தமும் இடைவெளியும் மாற மாறப் பொறிக்குத் தேவையான வோல்ட் எப்படி மாறும் என்பதை ஒரு வளைகோடாகக் காட்டும் பாஷன் விதியைப் பட்டப்படிப்பில் ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோமே, அதுதான். பலூன் பறப்பது அந்த வளைகோட்டின் மிக மோசமான பள்ளத்தில். முழு வெற்றிடத்தில் பொறியைக் கடத்துவதற்கு அணுக்களே இல்லாததால் நிலைமை மறுபடியும் சீராகிவிடுகிறது. எனவே இந்த ஓர் அம்சத்தில் மட்டும் விண்வெளி பலூனைவிடக் கருணையானது. ஆனால் பிசின், கம்பியுறை, திருகுத் துளை ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் காற்று கசிந்து தீரும் வரை கருவிக்குள் அதே பலூன் அழுத்தம்தான் நிலவும். அதனால் உயர்மின்னழுத்தத்தை உடனே கொடுக்காமல் காத்திருந்து, பிறகு படிப்படியாக ஏற்றுவார்கள். திருகுத் துளைகளுக்கும் காற்று வெளியேற ஒரு சிறு வழி விட்டே வைப்பார்கள்.

பொருட்களின் கசிவு தனி அக்கறைக்குரியது. 125 டிகிரியில் வெற்றிடத்தில் 24 மணி நேரம் வைத்தால் ஒரு சதவீதத்துக்கு மேல் எடை இழக்கும் பொருளையும், அப்படி வெளியேறியதில் குளிர்ந்த தகட்டில் படிவது 0.1 சதவீதத்தைத் தாண்டும் பொருளையும் பொதுவாக ஏற்க மாட்டார்கள். கடையில் வாங்கும் சாதாரண ஒட்டுநாடா, பசை, கேபிள் கட்டும் நாடா ஆகியவற்றில் பல இங்கேயே கழன்றுவிடும். பலூன் காலத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் அவசரத்துக்குச் சுற்றிய நாடாக்கள் எல்லாவற்றுக்கும் மாற்று தேட வேண்டியிருப்பதை நினைத்தால் அவர்கள்மீது இரக்கமே வருகிறது.

குலுக்கல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலூன் மெல்ல எழுகிறது. முடிவில் பாராசூட் விரியும்போது ஒரே ஒரு பெரிய இழுப்பு. ராக்கெட்டோ சில நிமிடங்களுக்கு எல்லா அதிர்வெண்களிலும் கலந்துகட்டிக் குலுக்குகிறது. கருவியின் ஏதாவதொரு பலகை தன் இயல்பு அதிர்வெண்ணில் சிக்கினால் ஒடிந்துவிடும். எனவே பலகைகளுக்கு விளிம்புப் பிடிமானம் கூட்டி, திருகுகளின் தலையில் பிசின் வைத்து, முழுக் கருவியையும் அதிர்வு மேடையில் ஏற்றிக் குலுக்கிப் பார்த்த பிறகே அனுப்புவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் வேறொன்று. பலூன் இறங்கிய பிறகு பனிப்பரப்பிலிருந்து கருவியை மீட்டு வந்து, பழுதுபார்த்து, மறுபடியும் பறக்கவிடலாம். விண்வெளிக்குப் போனது போனதுதான். அதனால் மின்வழங்கி, கணினி போன்ற முக்கியப் பகுதிகள் விண்வெளிப் பதிப்பில் இரட்டையாக வேண்டும்.

கேள்வி: காற்றுதான் இத்தனை உதவி செய்கிறது என்றால், கருவியைக் காற்றோடு சேர்த்து ஒரு பெட்டியில் அடைத்து அனுப்பிவிடலாமே?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்)

பதில்: அனுப்பியிருக்கிறார்கள். 1957-இல் பறந்த ஸ்புட்னிக்-1 ஓர் உருண்டைக்குள் அடைத்த நைட்ரஜன்தான். உள்ளே ஒரு விசிறியும் சுழன்றது. அந்த வழக்கம் ரஷ்யாவில் நெடுங்காலம் நீடித்தது. 2006 ஜூன் 15 அன்று பைக்கனூரிலிருந்து கிளம்பிய ரெசுர்ஸ்-டிகே1 செயற்கைக்கோளில் இத்தாலியர்கள் தலைமையில் செய்யப்பட்ட பமேலா என்ற 470 கிலோ காஸ்மிக் கதிர் டிடெக்டர், அழுத்தம் நிரப்பிய கொள்கலனுக்குள் இருந்தபடியே பல ஆண்டுகள் வேலை செய்தது. இதற்கான விலை, கொள்கலனின் எடை மட்டுமன்று. துகள் டிடெக்டரை அடையுமுன் கடக்க வேண்டிய சுவரும் ஒன்று கூடுகிறது. உயர் ஆற்றல் துகளுக்கு மெல்லிய அலுமினியச் சுவர் பொருட்டில்லை. குறைந்த ஆற்றலுள்ள கனமான அணுக்கருவோ அந்தச் சுவரிலேயே நின்றுவிடும். கசிவு ஏற்பட்டால் கதை முடிந்தது என்பதும் உண்டு.

நீங்கள் சொன்ன யோசனைக்கு இன்னும் பழைய வேர் ஒன்றும் உள்ளது. 1912 ஆகஸ்ட் 7 அன்று விக்டர் ஹெஸ் பலூனில் 5,300 மீட்டர் உயரம் வரை ஏறி காஸ்மிக் கதிர்களைக் கண்டறிந்தபோது, கதிர்வீச்சால் காற்றில் எழும் மின்னூட்டத்தை அளக்க அவர் எடுத்துச் சென்ற மின்னளவிகளில் இரண்டு காற்றுப்புகாத தடித்த சுவருடன் செய்யப்பட்டிருந்தன. மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தாலும் கருவியின் உள்ளிருக்கும் காற்று மாறாமல் இருந்தால்தான், அளவு கூடியது கதிர்வீச்சால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியும். காஸ்மிக் கதிர் இயலின் முதல் கருவித் திருத்தமே காற்றை அடைத்துக்கொண்டு போனதுதான்.

கேள்வி: நான் தொழிற்சாலை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். காஸ்மிக் கதிரை அளக்கப் போகும் கருவியின் சில்லுகளையே காஸ்மிக் கதிர் தாக்குமே, அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?
(மின்னணுப் பொறியாளர், கோயம்புத்தூர்)

பதில்: காற்றின் மூன்றாவது வேலையைத் தொட்டுவிட்டீர்கள், அது நமக்கு மேலே ஒரு கேடயமாகவும் நிற்கிறது. அந்தக் கேடயம் இல்லாத இடத்தில் இரண்டு வகைத் தொல்லை. கனமான அணுக்கரு ஒன்று நினைவகத்தின் ஓர் அறையைத் துளைத்துப் போகும்போது, சுழியம் ஒன்றாகவோ ஒன்று சுழியமாகவோ மாறிவிடலாம். இது கெட்ட செய்தி, ஆனால் சாகடிப்பதில்லை. பிழைதிருத்தும் குறியீட்டோடு எழுதுவது, முக்கியமான எண்ணை மூன்று இடத்தில் வைத்துப் பெரும்பான்மை வாக்கை ஏற்பது, நினைவகத்தை அவ்வப்போது படித்துச் சரிசெய்வது ஆகியவற்றால் கடந்துவிடலாம். மற்றது, சில்லுக்குள் எதிர்பாராத மின்பாதை ஒன்று திறந்து, மின்சாரத்தை நிறுத்தும் வரை மூடாமலே இருப்பது. சில மில்லி வினாடிகளில் சில்லு கருகிவிடலாம். இதற்கு உங்கள் தொழிற்சாலையில் உள்ளதைப் போன்ற தீர்வே இங்கும்: ஒவ்வொரு மின்வழியிலும் ஓட்டத்தைக் கண்காணித்து, வரம்பு மீறினால் உடனே துண்டித்து, சற்றுப் பொறுத்து மறுபடி கொடுக்கும் சுற்று. எந்தச் சில்லு இந்த நோய்க்கு ஆளாகும் என்பதை முன்கூட்டியே அறிய, துகள் முடுக்கியில் கனமான அயனிகளின் கற்றைக்குக் கீழே வைத்துச் சோதிப்பார்கள்.

ஆனால் சில்லு பிழைத்தால் மட்டும் போதாது. டிடெக்டர் தன் அளவுக்கு மீறிய துகள் மழையில் தடுமாறாமலும் இருக்க வேண்டும். இதற்கு 1958-இல் நடந்ததைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அவ்வாண்டு ஜனவரி 31 அன்று ஏவப்பட்ட அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்ப்ளோரர்-1 இயற்பியலாளர் ஜேம்ஸ் வான் ஆலனின் கைகர் எண்ணி என்ற துகள் எண்ணும் கருவி ஒன்றைச் சுமந்து சென்றது. தாழ்வான இடங்களில் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி வந்தது. சுற்றுப்பாதையின் உயரமான பகுதியில் திடீரென்று பூஜ்யமாகிவிட்டது. கருவி பழுதா, அங்கே உண்மையிலேயே கதிர் இல்லையா என்று குழம்பினார்கள். கைகர் குழாய் ஒரு துகளை எண்ணியதும் ஒரு கணம் குருடாகி மீள்வது அதன் இயல்பு. மீளும் முன்பே அடுத்தடுத்துத் துகள்கள் வந்தால் அது முழுவடிவத் துடிப்பைத் தருவதே இல்லை. மார்ச்சில் போன எக்ஸ்ப்ளோரர்-3 ஒலிநாடாவில் பதிந்து அனுப்பிய முழுச் சுற்றின் அளவுகளைப் பார்த்த பிறகு, வான் ஆலனுடன் பணிபுரிந்த கார்ல் மக்கில்வேன் அதே வகைக் குழாயை எக்ஸ்-கதிர்க் கற்றையில் வைத்து, கடும் கதிர்வீச்சில் அது பூஜ்யம் காட்டுவதை நிரூபித்தார். அந்தப் பூஜ்யத்தின் பொருள் "ஒன்றுமில்லை" என்பதன்று, "எண்ண முடியாத அளவு" என்பது. பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்கள் பூமியைச் சுற்றி நிறைந்திருக்கும் வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகள் இப்படித்தான் கண்டறியப்பட்டன.

இன்றும் 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் கருவிகள் பிரேசிலுக்கு மேலும் தென் அட்லாண்டிக்கிலும் அந்தப் பட்டை தாழ்ந்து தொங்கும் பகுதியைக் கடக்கும்போதெல்லாம் துகள் எண்ணிக்கை எகிறுகிறது. சில கருவிகள் அந்த நிமிடங்களில் உயர்மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்கின்றன. சில பதிவை மட்டும் நிறுத்துகின்றன.

கேள்வி: எங்கள் ஊரில் கிரேப்ஸ்-3 என்ற புகழ்பெற்ற காஸ்மிக் கதிர் டிடெக்டர் இருக்கிறது. அதையே சிறிதாகச் செய்து விண்வெளிக்கு அனுப்பினால் இன்னும் நன்றாக வேலை செய்யுமா?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், உதகமண்டலம்)

பதில்: தம்பி, கேள்வி நல்ல கேள்வி, பதில், வேலை செய்யாது என்பது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உதகையில் 2,200 மீட்டர் உயரத்தில் நடத்தும் கிரேப்ஸ்-3-இல் சுமார் 25,000 சதுர மீட்டரில் பரப்பிவைத்த துகள் பாய்ந்தால் ஒளிரும் ஏறத்தாழ 400 சின்டிலேட்டர்களும், 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கியும் இருக்கின்றன. மியூவான் என்பது விண்வெளியிலிருந்து வருவதன்று. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான் மேல் காற்றில் மோதி உடைந்து, அந்த உடைசலிலிருந்து பிறப்பது. அதன் ஆயுள் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். காற்றுக்கு வெளியே கொண்டுபோய் வைத்த மியூவான் தொலைநோக்கி, மீனில்லாத குளத்தில் போட்ட தூண்டில்தான். உன் ஊர் டிடெக்டரைப் பொறுத்தவரை காற்றும் கருவியின் ஒரு பாகம். அதைத் தரையில் விட்டுவிட்டு மீதியை மட்டும் அனுப்ப முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. காஸ்மிக் கதிரின் ஆற்றல் சில ஆயிரம் டிரில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஓர் ஆண்டில் வருபவை ஒரு சில துகள்களே. ராக்கெட்டில் ஏற்றக்கூடிய டிடெக்டரின் பரப்போ ஒரு சில சதுர மீட்டர். அதற்கு மேலுள்ள ஆற்றல்களைத் தரையில் விரித்துவைத்த பெரிய களங்களால்தான் பிடிக்க முடியும். 2014 டிசம்பர் 1 அன்று உதகைக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மியூவான்கள் குறைந்த அளவைக் கொண்டு கிரேப்ஸ்-3 கணக்கிட்டது. அந்த முடிவு 2019-இல் வெளியானது. விண்வெளியில் எந்த டிடெக்டருக்கும் இந்த வாய்ப்பு வாய்க்காது.

கேள்வி: ஏ.எம்.எஸ். டிடெக்டரை விண்வெளி வீரர்கள் பழுதுபார்த்த காணொளியைப் பார்த்தேன். இத்தனை சோதனைகளுக்குப் பிறகும் பழுதானது எது? விண்வெளிக்காக அதன் காந்தத்தை மாற்றினார்கள் என்பதும் உண்மையா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இரண்டும் உண்மை. ஏ.எம்.எஸ். என்பது சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளியே பொருத்தப்பட்டுள்ள பெரிய காஸ்மிக் கதிர் டிடெக்டர். காந்தத்திலிருந்து தொடங்குகிறேன். துகளின் மின்னூட்டம் நேரா எதிரா என்று அறிய அதன் பாதையை வளைத்துப் பார்க்க வேண்டும். ஆகவே பலமான காந்தம் தேவை. இயற்பியலாளர் சாமுவேல் டிங் தலைமையிலான குழு, திரவ ஹீலியத்தில் குளிர்ந்து மின்தடையே இல்லாமல் இயங்கும் மீகடத்துக் காந்தம் ஒன்றைப் பல ஆண்டுகள் பாடுபட்டுச் செய்தது. 2010-இல் நெதர்லாந்திலுள்ள ஐரோப்பிய விண்வெளி முகமையின் வெற்றிட அறையில் சோதித்தபோது, ஹீலியம் 3 ஆண்டுகளுக்கு மேல் தாங்காது என்பது தெளிவானது. அதே வேளையில் விண்வெளி நிலையத்தின் ஆயுள் நீட்டிக்கப்பட்டது. பலமான காந்தத்தோடு குறுகிய காலமா, பலவீனமான காந்தத்தோடு நீண்ட காலமா என்ற கேள்வி எழுந்தது. டிங் இரண்டாவதைத் தேர்ந்தார். 1998-இல் டிஸ்கவரி விண்ணோடத்தில் பறந்த முதல் ஏ.எம்.எஸ்-இன் நிலைக்காந்தத்தையே எடுத்துப் பொருத்தினார்கள். புலம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிட்டதால் துகள் பாதை குறைவாகவே வளையும். அதை ஈடுகட்ட, பாதையை அளக்கும் சிலிக்கான் அடுக்குகளைக் கருவியின் உச்சிக்கும் அடிக்கும் தள்ளிவைத்து, அளவுகோலை 3 மீட்டருக்கு நீட்டினார்கள். புறப்பட ஓராண்டே இருக்கும்போது எடுத்த இம்முடிவை அப்போது பலரும் ஐயத்தோடு பார்த்தார்கள். எனக்கு அது இத்துறையின் மிகத் தெளிவான முடிவுகளில் ஒன்றாகப் படுகிறது.

விண்வெளிக்கே உரிய நிபந்தனை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். காந்தத்துக்கு வெளியே புலம் கசிந்தால், திசைகாட்டி முள் வடக்கே திரும்புவதைப் போல மொத்த விண்வெளி நிலையத்தையே பூமியின் காந்தப்புலம் திருப்பப் பார்க்கும். அதனால் காந்தத் துண்டுகளின் திசைகளை வளையம் முழுதும் மாற்றி மாற்றி அடுக்கி, உள்ளே புலமும் வெளியே ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையும் இருக்கும்படி செய்திருக்கிறார்கள்.

2011 மே 16 அன்று எண்டவர் விண்ணோடத்தில் போன சுமார் 7 டன் எடையுள்ள அந்தக் கருவியில் பழுதானது டிடெக்டர் அன்று, குளிர்விக்கும் பம்பு. காந்தத்தின் நடுவே நெருக்கமாக அமர்ந்திருக்கும் சிலிக்கான் அடுக்குகள் வெளியிடும் சூடு சுமார் 144 வாட். இரண்டு பழைய குண்டு பல்புகள் தரும் சூட்டுக்கு மேல் இல்லை. காற்று இருந்தால் ஒரு விசிறியில் முடிந்திருக்கும். இங்கே மெல்லிய எஃகுக் குழாய்களில் திரவ கார்பன் டைஆக்சைடைச் சுற்றவிட்டு, சூட்டை வெளித்தகடுகளுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு பம்பு போதும் என்ற இடத்தில் நான்கு வைத்திருந்தார்கள். 2014-இல் தொடங்கி அவை ஒவ்வொன்றாக முடங்கின.

விண்வெளியில் பழுதுபார்க்கும் எண்ணமே இல்லாமல் செய்யப்பட்ட கருவி அது. கைப்பிடிகள் இல்லை, குழாய்கள் வெட்டி ஒட்டுவதற்கானவை அல்ல. 2019 நவம்பர் 15 முதல் 2020 ஜனவரி 25 வரை விண்வெளி வீரர்கள் லூகா பார்மிட்டானோவும் ஆண்ட்ரூ மார்கனும் நான்கு முறை வெளியே போனார்கள். மொத்தம் சுமார் 25 மணி நேரம். முதல் நாள், மறைத்துக்கொண்டிருந்த பாதுகாப்புத் தகட்டைக் கழற்றி விண்வெளியிலேயே தள்ளிவிட்டார்கள். அடுத்த முறை எட்டு எஃகுக் குழாய்களை வெட்டினார்கள். காற்று நிரம்பி உப்பிய கையுறைக்குள் விரலை மடக்குவதே உழைப்பாக இருக்கும் நிலையில், எந்தக் குழாய் எது என்று அடையாளமிட்டு வெட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் முறை புதிய பம்புப் பெட்டியைப் பொருத்திக் குழாய் முனைகளை நெருக்கி இணைத்தார்கள். கடைசி முறை சோதித்தபோது ஓர் இணைப்பில் கசிவு இருந்தது. நம் வீட்டுக் குழாய்க்காரர் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்: மேலும் ஒரு முறுக்கு முறுக்கி, காத்திருந்து, மறுபடி பார்த்தார்கள். கசிவு நின்றது. அன்று தொட்டு அது பதிவைத் தொடர்கிறது. இதுவரை எண்ணியவை 20,000 கோடித் துகள்களுக்கு மேல்.

கேள்வி: இந்தியா இப்படி ஏதாவது அனுப்பியிருக்கிறதா? பெரிய செலவில்லாமல் செய்ய முடிந்த எதுவும் உண்டா?
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

பதில்: உண்டு, நாம் அதிகம் பேசாமல் விட்டுவிட்ட ஒன்று. 1985 ஏப்ரல் 29 அன்று சேலஞ்சர் விண்ணோடம் ஸ்பேஸ்லேப்-3 ஆய்வுக்கூடத்தோடு ஏழு நாள் பயணம் போனபோது, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுகுமார் பிஸ்வாஸ் தலைமையில் செய்யப்பட்ட 'அனுராதா' என்ற டிடெக்டரும் போனது. நம் பஞ்சாங்கத்தில் அனுஷம் என்று வரும் நட்சத்திரத்தின் வடமொழிப் பெயர் அது.

அதன் உள்ளே இருந்தது மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யப் பயன்படும் சி.ஆர்-39 என்ற பிளாஸ்டிக்கின் தாள்கள். கனமான அணுக்கரு அதனுள் பாயும்போது அது சென்ற வழியில் மட்டும் பிளாஸ்டிக்கின் பிணைப்புகள் அறுந்துவிடும். பிறகு சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால், அறுந்த வழி மற்ற இடங்களைவிட வேகமாக அரித்து, நுண்ணோக்கியில் தெரியும் சிறு கூம்பாகிறது. கூம்பின் அளவைக்கொண்டு எந்த அணுக்கரு என்று சொல்லலாம். இதற்கு உயர்மின்னழுத்தம் வேண்டாம், சூடு தோன்றாது, சில்லு கருகாது. இதுவரை மேலே புலம்பிய தொல்லைகளில் பெரும்பாலானவை இதற்கு இல்லவே இல்லை.

ஒரே ஒரு குறை: தாளில் விழுந்த தடம் எந்த நேரத்தில் விழுந்தது என்று சொல்லாது. பலூனிலோ தரையிலோ அது பெரிய குறையன்று. பூமியைச் சுற்றும் விண்கலத்தில், நேரம் தெரியாவிட்டால் துகள் பூமியின் எந்தப் பகுதிக்கு மேலே வந்தது என்பதும் தெரியாமல் போகும். அதற்குச் செய்த திருத்தம் எளிமையானது. தாள்களை இரண்டு அடுக்காகப் பிரித்து, ஒன்றை நிலையாக வைத்து, மற்றொன்றை அதன்கீழே மிக மெதுவாக, மாறாத கதியில் சுழலவிட்டார்கள். இரண்டையும் துளைத்துப் போன துகளின் தடம், திரும்பி வந்தபின் தாள்களை நேராக அடுக்கிப் பார்த்தால் பொருந்தாது. எவ்வளவு திருப்பினால் பொருந்துகிறதோ அதுவே அது வந்த நேரம்.

நேரத்திலிருந்து இடமும், இடத்திலிருந்து அங்குள்ள பூமியின் காந்தப்புலமும் கிடைத்தன. குறைந்த ஆற்றலுள்ள துகள் ஒன்று எலெக்ட்ரான்களை எல்லாம் இழந்து முழு மின்னூட்டத்தோடு வந்திருந்தால், காந்தப்புலம் அதை அந்த இடத்துக்கு வரவே விட்டிருக்காது. அது அங்கே வந்திருப்பதால் அதன் மின்னூட்டம் இவ்வளவுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்யலாம். ஏ.எம்.எஸ். தன் காந்தத்தைச் சுமந்துகொண்டு போனது. அனுராதா பூமியையே காந்தமாகப் பயன்படுத்திக்கொண்டது. நுண்ணோக்கியின் கீழே கூம்பு கூம்பாக அளந்து முடித்தபோது, வழக்கத்துக்கு மாறான காஸ்மிக் கதிர்கள் என்று அழைக்கப்படும் அந்த வகைத் துகள்கள் ஓர் எலெக்ட்ரானை மட்டுமே இழந்தவை என்ற கருத்துக்கு, அந்தப் பிளாஸ்டிக் தாள்களிலிருந்தே நேரடியான ஆதாரம் கிடைத்தது.